சம்பளத்துக்கு மெட்டுப் போட்டவர்

எண்பதுகளின் ஜப்பானில் இசைத்தட்டு வாங்கக் காசில்லாதவர்கள் வாடகைக் கடைக்குப் போவார்கள். ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, வீட்டில் கேசட்டில் பதிந்துகொண்டு, மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். டோக்கியோவை அடுத்த ஹியோஷி பகுதியில் அப்படியொரு கடையில் வேலை பார்த்தார் நொபுவோ உவெமாட்சு. பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்தவர். விளம்பரங்களுக்குச் சின்னச் சின்ன இசைத் துண்டுகள் போட்டுக் கொடுப்பதும் உண்டு; அதில் வயிறு நிறையாது. பக்கத்திலேயே ஸ்கொயர் என்றொரு சிறிய வீடியோ கேம் கம்பெனி. அங்கே படம் வரையும் பிரிவில் இருந்த ஒரு பெண், எங்கள் கேமுக்கு இசை போட்டுத் தர முடியுமா என்று இவரைக் கேட்டார். பகுதி நேர வேலைதானே, கடை வேலையையும் விடவேண்டியதில்லை என்ற கணக்கில் உவெமாட்சு தலையாட்டினார். 1986-ல் ஸ்கொயரில் சேர்ந்தார். அப்போது வயது 27.

பகுதி நேரம் என்று நினைத்துப் போனவர் 18 வருடம் அங்கே மாதச் சம்பளத்துக்கு மெட்டுப் போட்டார். ‘ஃபைனல் ஃபேன்டஸி’ என்ற கேம் வரிசையின் முதல் ஒன்பது பாகங்களுக்கு அவர் ஒருவர்தான் இசை. அந்த மெட்டுகளை ஸ்டாக்ஹோம், லாஸ் ஏஞ்சலஸ், லைப்ஸிக் நகரங்களின் சிம்பொனி அரங்குகளில் பெரிய இசைக்குழுக்கள் வாசித்திருக்கின்றன. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில், கொரோனாவால் காலியாகக் கிடந்த மைதானத்தில் வீரர்கள் அணிவகுத்து வந்தபோது ஒலித்ததும் வீடியோ கேம் இசைதான். அதில் இவருடையதும் இருந்தது.

இத்தனைக்கும் உவெமாட்சு இசைப் பள்ளி எதிலும் படித்தவர் இல்லை. ஷிகோகு தீவின் கோச்சியில் 1959-ல் பிறந்தவர். பன்னிரண்டு வயது வாக்கில் தானாகவே பியானோ பழகினார். குரு என்று சொல்ல வேண்டுமானால் எல்டன் ஜானைச் சொல்லலாம். அதுவும் இசைத்தட்டு வழியாக. டீப் பர்ப்பிள் மாதிரியான ராக் குழுக்கள் மேல் பெரும் மோகம். இந்தப் பின்னணியோடு ஒருவர் அன்றைய ஜப்பானியத் திரைப்படத்திலோ தொலைக்காட்சியிலோ நுழைந்திருந்தால் வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள். வீடியோ கேமில் வாசலே கிடையாது. அந்தத் தொழிலுக்குப் பெயரே இன்னும் சரியாக அமையவில்லை.

மூன்று குரல், அதில் ஒன்றுக்கு வால்யூம் இல்லை

1987-ல் ஸ்கொயரின் நிலைமை சரியில்லை. ஹிரோனோபு சகாகுச்சி என்ற இளம் இயக்குநர் ஒரு பெரிய கற்பனைக் கதையை நின்டென்டோவின் ஃபேமிகாம் பெட்டிக்காகக் கேமாக்கிக்கொண்டிருந்தார். அது ஓடவில்லை என்றால் இந்தத் துறையையே விட்டுவிடுவது என்று அவர் முடிவு செய்திருந்ததாகப் பின்னாளில் சொன்னார். அதற்கு உவெமாட்சு இசை.

அந்தப் பெட்டியின் ஒலி சிப்பைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் இந்த மனிதரின் இசை புரியாது. மொத்தம் ஐந்து ஒலித் தடங்கள். இரண்டு தடங்கள் மூக்கால் பாடுகிற மாதிரியான கூர்மையான ஒலி எழுப்பும். மூன்றாவது கொஞ்சம் மொழுமொழுவென்று, புல்லாங்குழலுக்கும் பேஸ் கிதாருக்கும் நடுவில் இருக்கும். அதன் வால்யூமைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது, ஒலிக்கும் அல்லது ஒலிக்காது, அவ்வளவுதான். நான்காவது வெறும் இரைச்சல். தாளத்துக்கும் வெடிச் சத்தத்துக்கும் உதவும். ஐந்தாவது, பதிவு செய்த ஒலித் துணுக்குகளைக் கரகரவென்று திருப்பிச் சொல்லும். ஒவ்வொரு தடத்திலும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஸ்வரம். வாள் வீசும் சத்தமோ கதவு திறக்கும் சத்தமோ வரவேண்டும் என்றால் அதற்கும் இந்தத் தடங்களில் ஒன்றைத்தான் பிடுங்க வேண்டும். அந்தக் கணத்தில் இசையில் ஒரு குரல் ஊமையாகிவிடும்.

முதல் ஃபைனல் ஃபேன்டஸியின் இசையை உவெமாட்சு மூன்றே குரல்களில் முடித்தார். தாளம் கூட இல்லை. அதில் ‘பிரிலூட்’ என்ற துண்டு தொடக்கத் திரையில் வருகிறது. எல்லா வேலையும் முடிகிற நேரத்தில் சகாகுச்சி வந்து இன்னும் ஒன்று வேண்டும் என்று கேட்க, அவசரத்தில் போட்டது. நம் கணக்கில் எழுதினால் அது இப்படித்தான் தொடங்குகிறது: ச ரி க ப, ச ரி க ப, ச ரி க ப. ஸ்தாயி ஸ்தாயியாக மேலே ஏறும்; ஏறிய வழியே இறங்கும். அடுத்து த நி ச க என்று இன்னோர் ஏணி. மறுபடி முதல் ஏணி, மறுபடி இரண்டாவது. பிறகு கீழே உள்ள சுருதிகளை மாற்றி மாற்றி வைத்து, முடிவுக்கு வரும் நேரத்தில் சங்கராபரணத்தில் இல்லாத ஸ்வரங்கள் எட்டிப் பார்த்து, ஒரு திடுக்கிடல் கொடுத்து, பழையபடி ஷட்ஜத்தில் வந்து விழும். ஒரு குரல் இதை வாசிக்க, இன்னொரு குரல் அதையே சற்றுத் தாமதித்துச் சன்னமாக வாசிக்கும். சிப்பில் எதிரொலி கிடையாது. எதிரொலி வேண்டும் என்றால் ஒரு முழுக் குரலையே அதற்குத் தியாகம் செய்ய வேண்டும். அவர் செய்தார்.

மெட்டு என்று முணுமுணுக்க அதில் எதுவும் இல்லை. கிதார் பழகுகிற பையன் விரல் சாதகம் செய்கிற மாதிரிதான் இருக்கும். ஆனாலும் இந்த வரிசையின் முத்திரை இசையாகப் பாகம் தாண்டிப் பாகம் அது திரும்பத் திரும்ப வந்தது. கேம் 1987 டிசம்பர் 18-ல் வெளியானது. ஜப்பானில் ஐந்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. சகாகுச்சி துறையை விட்டுப் போகவில்லை.

காட்சி எப்போது முடியும்?

சினிமாவில் பின்னணி இசை அமைப்பவருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ரீ-ரெக்கார்டிங்குக்கு உட்காரும்போது காட்சி எத்தனை நொடி என்று அவருக்குத் தெரியும். நாயகி திரும்பிப் பார்க்கிற இடத்தில் வயலின், கதவு சாத்துகிற இடத்தில் நிசப்தம் என்று அளந்து வைக்கலாம். கேமில் அந்த அளவுகோல் கிடையாது. ஒருவர் குகையை இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுவார். இன்னொருவர் அதே குகையில் வழி தெரியாமல் ஒரு மணி நேரம் சுற்றுவார். ஒருவர் சாப்பிடப் போய்விடுவார், டி.வி. பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே இசை வட்டமாக இருக்க வேண்டும். முடிவு தொடக்கத்தோடு தையல் தெரியாமல் ஒட்ட வேண்டும். நூறாவது முறை கேட்கும்போதும் எரிச்சல் வரக்கூடாது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தக் காலத்து ஃபைனல் ஃபேன்டஸியில் வெளியில் நடந்து போகும்போது திடீர் திடீரென்று எதிரிகள் மறிப்பார்கள். நடை இசை அறுந்து, சண்டை இசை தொடங்கும். சண்டை முடிந்ததும் சின்ன வெற்றி முழக்கம். பிறகு நடை இசை மறுபடி முதலிலிருந்து. அதாவது, ஆட்டக்காரர் அந்த மெட்டின் முதல் பத்து இருபது நொடிகளை நூற்றுக்கணக்கான தடவை கேட்பார். பின்பாதியை எப்போதாவதுதான் கேட்பார். உவெமாட்சுவின் நடை இசைகள் தொடங்கிய உடனே விஷயத்துக்கு வந்துவிடுவதை இதோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது. முன்னுரை கிடையாது. முதல் நொடியிலேயே பல்லவி.

கருவியின் குணத்தைக் காட்டி, ஆர்க்கெஸ்ட்ராவின் கனத்தைக் காட்டி மயக்குவதற்கு இவரிடம் ஒன்றுமே இல்லை. கையில் இருந்தது மெட்டு மட்டும். வறுமைதான் இவரை மெட்டுக்காரர் ஆக்கியது என்பது என் கட்சி. வசதி வந்த பிறகு இந்தத் துறை எதை இழந்தது என்பதும் இங்கிருந்து பார்த்தால்தான் தெரியும்.

இந்த விதி இவருக்கு மட்டும் இல்லை. நின்டென்டோவில் 1984-ல் சேர்ந்த கோஜி கோண்டோ, அடுத்த ஆண்டு அதே சிப்பில் செய்த ‘சூப்பர் மரியோ’ இசையை நம்மூரில் தொண்ணூறுகளில் வளர்ந்த யாரும் மறந்திருக்க முடியாது. டி.வி. கேம் என்று இங்கே விற்ற பெட்டிகள் ஃபேமிகாமின் நகல்கள். அந்தச் சிப்பின் நகலே அவற்றிலும் பாடியது. நேரம் நூறைத் தொட்டதும் இசை வேகமெடுக்க, கை வியர்த்த அனுபவம் பலருக்கும் இருக்கும். அந்த மரியோ மெட்டை 2023-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்கப்பட வேண்டிய ஒலிப்பதிவுகள் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலில் இடம்பிடித்த முதல் வீடியோ கேம் இசை அதுதான். உவெமாட்சுவின் கேம்கள் அப்போது நம் பக்கம் அநேகமாக வரவில்லை. பக்கம் பக்கமாக வசனம் படித்து, வாரக்கணக்கில் ஆடுகிற கதைகள் அவை. நம் கேசட்டுகளில் சுட்டுத் தள்ளுகிற ஆட்டங்களே அதிகம்.

64 கேபி-யில் ஓர் ஓபரா

1990-ல் சூப்பர் ஃபேமிகாம் வந்தது. அதன் ஒலி சிப் சோனி செய்தது. வடிவமைத்தவர் கென் குதராகி, பின்னாளில் பிளேஸ்டேஷனை உருவாக்கியவர். எட்டுத் தடங்கள். நிஜக் கருவிகளின் ஒலியைத் துண்டு துண்டாகப் பதிந்து வாசிக்க வைக்கலாம். கேட்க ராஜபோகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கென்று இருந்த நினைவகம் 64 கேபி. காலையில் வாட்ஸ்அப்பில் வந்து விழுகிற குட் மார்னிங் படம் ஒன்று இதைவிடப் பெரிது. வயலின், குழல், டிரம், மணி, ஒலியை இயக்கும் நிரல், பாட்டின் குறிப்பு, எதிரொலிக்கான இடம் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். வயலினுக்குக் கொஞ்சம் இடம் கூடக் கொடுத்தால் டிரம் தேய்ந்துபோகும். ஸ்கொயரின் ஒலிப் பொறியாளர் மினோரு அகாவோ போன்றவர்கள் இந்தச் சில்லறைக் கணக்கைப் பார்த்துக்கொண்டார்கள். இசையமைப்பாளரும் பொறியாளரும் ஒரே வண்டியின் இரண்டு மாடுகள். பேர் மட்டும் ஒருவருக்குத்தான் கிடைத்தது.

1994 ஏப்ரலில் வெளியான ஆறாம் பாகத்தில் உவெமாட்சு இந்தப் பெட்டிக்குள் ஓர் ஓபராவை நுழைத்தார். கதைப்படி செலஸ் என்ற முன்னாள் பெண் தளபதி, ஓபரா பாடகி வேடம் போட்டு மேடையேற வேண்டும். ஆட்டக்காரர் பாட்டின் வரிகளை மனப்பாடம் செய்து, சரியான இடத்தில் சரியான வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறினால் மேடையில் மானம் போகும். அந்தப் பெட்டியால் ஒரு வார்த்தையைக் கூடப் பாட முடியாது. மனிதக் குரலைப் போல் தோன்றுகிற ஒரு ஒலியை வைத்து மெட்டை மட்டும் இழுத்தார்; பாட்டின் வரிகள் திரையில் எழுத்தாக ஓடின. கேட்டால் குரல் என்றும் சொல்ல முடியாது, கருவி என்றும் சொல்ல முடியாது. விரல் உயரத்துக்குச் சதுரப் புள்ளிகளால் ஆன ஒரு பெண் உருவம் பால்கனியில் நடந்து பூங்கொத்தைத் தூக்கி எறிகிறது. அழுதவர்கள் உண்டு.

28 வருடம் கழித்து, 2022-ல் அந்தப் பாகத்தைப் புதுப்பித்து வெளியிட்டபோது ஏழு மொழிகளில் நிஜப் பாடகர்களைப் பாட வைத்தார்கள். உவெமாட்சுவே மேற்பார்வை. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழையதில் கேட்பவர் மனசுக்குள் ஒரு பாடகி பாடினாள். புதியதில் ஸ்பீக்கரில் பாடுகிறாள். எனக்குப் பழையவள்தான் உசத்தி.

அதே பாகத்தின் கடைசிச் சண்டைக்கு ஏறக்குறைய 17 நிமிட இசை. தேவாலய ஆர்கனில் தொடங்கி முற்போக்கு ராக்கில் போய் நிற்கும். இசைப் பள்ளிக்குப் போயிருந்தால் இப்படி ஒட்டவைக்க மனம் வந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஏரித் சாகும் இடம்

ஏழாம் பாகம் பிளேஸ்டேஷனுக்கு வந்தது. 1997 ஜனவரி 31, மூன்று சிடிக்கள். சிடி என்பதால் ஸ்டுடியோவில் பதிந்த நிஜ இசையையே போட்டிருக்கலாம். உவெமாட்சு பெரும்பாலும் போடவில்லை. சிடியிலிருந்து இசையை இழுத்தால் காட்சி மாறும்போது காத்திருக்க வேண்டிவரும், ஆட்டம் தடைபடும். ஆகவே சிப்பிலேயே வாசிக்க விட்டார். ஆட்டம் முதலில், இசை அப்புறம் என்ற சம்பளக்காரரின் முடிவு இது.

இசைத் தொகுப்பு நான்கு சிடி, 85 துண்டுகள். அதில் ஏரித் என்ற பூக்காரப் பெண்ணுக்கான மெட்டு ஒன்று. கதையின் நடுவழியில், யாரும் எதிர்பாராத இடத்தில், வில்லன் செஃபிரோத் பின்னாலிருந்து வாளைச் செருகி அவளைக் கொல்கிறான். அவள் கூந்தலில் இருந்த உருண்டை கழன்று, படிப்படியாகத் துள்ளித் தண்ணீரில் விழுகிறது. மெட்டு தொடங்குகிறது. அடுத்த நிமிடமே ஒரு பூதத்தோடு பெரிய சண்டை. வழக்கப்படி அங்கே சண்டை இசை முழங்க வேண்டும். முழங்கவில்லை. ஏரித்தின் மெட்டே தொடர்ந்து ஓடுகிறது. ஆட்டக்காரர் பொத்தானை அழுத்தி வெட்டுகிறார், மந்திரம் ஏவுகிறார், காயம் ஆற்றுகிறார். பின்னால் ஒப்பாரி நிற்கவில்லை. கொன்றவன் போய்விட்டான், நீ இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறாய் என்று இசை குத்துகிறது. சினிமா இதைச் செய்ய முடியாது; பார்ப்பவர் கையில் அங்கே எதுவும் இல்லை.

2012-ல் பிரிட்டனின் கிளாசிக் எஃப்.எம். வானொலி, நேயர்கள் வாக்களித்த செவ்வியல் இசைப் பட்டியலை வெளியிட்டபோது ஏரித்தின் மெட்டு 16-ஆம் இடத்தில் இருந்தது. மறு வருடம் ஃபைனல் ஃபேன்டஸி இசை மூன்றாம் இடத்துக்கு ஏறியது. ரசிகர்கள் திரண்டு வாக்குப் போட்டார்கள் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. வாக்கெடுப்பு என்றால் திரண்டுதானே போடுவார்கள்!

ஏழாம் பாகத்தின் கடைசிச் சண்டைக்கான ‘ஒன்-விங்டு ஏஞ்சல்’ வேறு ரகம். தினமும் காலையில் வந்து, தோன்றிய நாலைந்து சந்தங்களை எழுதி வைப்பாராம். ஒன்றுக்கொன்று சம்பந்தம் பார்க்க மாட்டாராம். இரண்டு வாரம் கழித்து எல்லாவற்றையும் பரப்பி வைத்து, எதற்குப் பக்கத்தில் எது பொருந்துகிறது என்று அடுக்கியிருக்கிறார். ஸ்ட்ராவின்ஸ்கியும் ஜிமி ஹென்ட்ரிக்ஸும் மனதில் இருந்தார்கள் என்று சொன்னார். கோரஸ் பாடும் வரிகள் இடைக்கால லத்தீன் கவிதைகளிலிருந்து எடுத்தவை. இந்த வரிசையில் நிஜ மனிதக் குரல் ஒலித்த முதல் இடம். இன்றைக்கும் கச்சேரியில் இதைத்தான் கடைசியில் கேட்டு அடம்பிடிப்பார்கள். தலையில் துணி கட்டிக்கொண்டு, மீசையோடு உவெமாட்சுவே கோரஸில் போய் நின்று பாடியதும் உண்டு.

அடுத்த பாகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எட்டாம் பாகத்துக்காக ஹாங்காங் பாடகி ஃபே வோங் பாடிய ‘ஐஸ் ஆன் மீ’ 1999-ல் ஐந்து லட்சத்துக்கு மேல் விற்றது. ஒன்பதாம் பாகம் அவருக்கே மிகப் பிடித்தது. பத்தாம் பாகத்தில் முதன்முறையாக வேறு இரண்டு இசையமைப்பாளர்கள் பங்குக்கு வந்தார்கள். அதன் புகழ்பெற்ற பியானோ துண்டு ‘டு ஸனர்கண்ட்’ கேமுக்காக எழுதியதே இல்லை. புல்லாங்குழல் வாசிக்கும் நண்பர் ஒருவரின் கச்சேரிக்காகப் போட்டது. ரொம்பச் சோகமாக இருக்கிறது என்று கிடப்பில் கிடந்ததை எடுத்துப் பயன்படுத்தினார்.

மெட்டு யாருடையது?

ஆரம்ப காலத்தில் ஜப்பானியக் கேம் கம்பெனிகளில் இசையமைத்தவர்கள் பலருக்குப் பெயரே கிடையாது. கேம் முடிந்ததும் ஓடும் பட்டியலில் புனைபெயர்தான் வரும். அடுத்த கம்பெனிக்காரன் கொத்திக்கொண்டு போய்விடுவான் என்ற பயம். ‘காசல்வேனியா’வுக்கு இசை போட்ட கினுயோ யமாஷிதாவின் பெயர் அப்படித்தான் மறைந்து கிடந்தது. நம்மூர் வீடியோ கேம் கடைகளில் காசு போட்டு ஆடிய ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’-இன் மெட்டுகளில் பெரும்பாலானவை யோகோ ஷிமோமுரா என்ற பெண் போட்டவை என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? பியானோவில் முறையாகப் பட்டம் பெற்றவர் அவர். ஆசிரியை ஆவாள் என்று வீட்டில் எதிர்பார்த்திருக்க, 1988-ல் கேம் கம்பெனியில் போய்ச் சேர்ந்தார். வீட்டிலும் கல்லூரியிலும் தலையில் கைவைத்தார்கள்.

பெயர் கிடைத்தவர்களுக்கும் உரிமை கிடைக்கவில்லை. சம்பளத்துக்குப் போட்ட மெட்டு கம்பெனியுடையது. தன் மெட்டைத் தானே மேடையில் வாசிக்கவோ தட்டில் வெளியிடவோ உவெமாட்சு ஸ்கொயரின் சம்மதத்தை எதிர்பார்க்க வேண்டும். பாடல் யாருக்குச் சொந்தம் என்று நம் நீதிமன்றங்களில் நடக்கிற வழக்குகளைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு இதன் வலி விளக்காமலே புரியும்.

இதற்கு நேர் எதிர், கோயிச்சி சுகியாமா. தொலைக்காட்சியிலும் பாப் இசையிலும் பெயர் சம்பாதித்த பிறகு, ஐம்பதைத் தாண்டிய வயதில் இந்தத் துறைக்கு வந்தவர். எனிக்ஸ் கம்பெனியின் ஜப்பானியச் சதுரங்க கேம் ஒன்றை ஆடிவிட்டுக் கருத்து அட்டையை நிரப்பி அனுப்பினார்; பெயரைப் பார்த்துவிட்டு அவர்கள் ஓடிவந்தார்கள். 1986-ல் ‘டிராகன் குவெஸ்ட்’. மறு வருடமே டோக்கியோ சன்டோரி ஹாலில் கேம் இசைக்கென்று தனிக் கச்சேரி நடத்தினார். இசையின் உரிமையையும் தன்னிடமே வைத்துக்கொண்டார். பெயரோடு உள்ளே வருகிறவருக்கும் வாடகைக் கடையிலிருந்து வருகிறவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். 2021-இல் காலமானார்.

உவெமாட்சு 2004-ல் வேலையை விட்டார். அதற்கு முந்தைய வருடம் ஸ்கொயரும் எனிக்ஸும் ஒன்றாகியிருந்தன. அலுவலகம் ஷின்ஜுகு பக்கம் மாறியது அவருக்கு ஒட்டவில்லை. நாற்பத்தைந்து வயதில், இனி என் பிழைப்பு என் கையில் என்று கிளம்பினார். சொந்த நிறுவனம் தொடங்கினார். 2006-ல் ‘டாக் இயர்’ என்ற இசை வெளியீட்டு நிறுவனமும் வந்தது. கம்பெனியில் இருந்தபோதே சக ஊழியர்களோடு சேர்ந்து ‘பிளாக் மேஜஸ்’ என்ற ராக் குழு நடத்தினார். 2010 வரை அது ஓடியது.

சகாகுச்சியும் அதற்குள் ஸ்கொயரை விட்டுத் தனிக் கம்பெனி தொடங்கியிருந்தார். ‘புளூ டிராகன்’, ‘லாஸ்ட் ஒடிஸி’, ‘தி லாஸ்ட் ஸ்டோரி’ என்று அவருடைய கேம்களுக்கு உவெமாட்சுவே இசை. ‘புளூ டிராகன்’ சண்டைப் பாட்டை யாரைப் பாட வைத்தார் தெரியுமா? டீப் பர்ப்பிளின் இயன் கில்லனை. விடலைப் பருவத்தில் யாருடைய தட்டைத் தேயத் தேயக் கேட்டாரோ, அவருக்கு மெட்டுப் போட்டுக் கொடுத்து மைக் முன்னால் நிறுத்தினார். எந்த விருதையும்விட இதற்குத்தான் அவர் உள்ளுக்குள் குதித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

மேடை வந்தது, மெட்டு?

2003-ல் ஜெர்மனியின் லைப்ஸிக் கெவான்ட்ஹவுஸ் அரங்கில் ஜப்பானுக்கு வெளியே முதல் கேம் இசை சிம்பொனி கச்சேரி. 2004 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் வால்ட் டிஸ்னி அரங்கில் ஃபைனல் ஃபேன்டஸி கச்சேரி. டிக்கெட் மூன்று நாளில் தீர்ந்தது. அதே வருடம் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க நீச்சல் நடன ஜோடி எட்டாம் பாகத்தின் தொடக்க இசைக்கு ஆடியது. 2007 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய ‘டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ்’ என்ற கச்சேரி ஆர்னி ரோத் நடத்த, ஊர் ஊராகச் சுற்றுகிறது. கிராமி விருதிலும் கேம் இசைக்கென்று 2023 முதல் தனிப் பிரிவு வந்தாயிற்று.

தொழிலும் அடியோடு மாறிவிட்டது. இன்றைய பெரிய கேமில் இசையமைப்பாளர் ஒரு துண்டை முழுதாக எழுதிக் கொடுப்பது குறைவு. அடுக்கடுக்காகக் கொடுக்கிறார்: அமைதிக்கு ஒரு அடுக்கு, ஆபத்து நெருங்கினால் மேலே ஒன்று, சண்டைக்கு இன்னொன்று. ஆட்டக்காரர் என்ன செய்கிறார் என்பதைப் பார்த்து மென்பொருள் அவற்றை ஏற்றி இறக்குகிறது. தையல் தெரியாமல் பின்னுவது இப்போது கலை என்பதைவிடப் பொறியியல். வேலை நுட்பமானது, மறுப்பதற்கில்லை. ஆனால் எத்தனை புதிய கேம்களின் இசையை ஆடி முடித்த மறுநாள் முணுமுணுக்க முடிகிறது? நூறு பேர் வாசிக்கிறார்கள்; ஹாலிவுட் படம் மாதிரியே கனமாக இருக்கிறது; மனதில் ஒன்றும் ஒட்டுவதில்லை. கேம் இசை சினிமா இசையின் நகலாகிவிட்டது என்ற குறையை உவெமாட்சுவும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. பெரும்பாலும் கையில் காசு குறைவாக உள்ள சிறிய குழுக்களிடமிருந்து அவை வருகின்றன.

அப்படியொன்று நமக்கு நெருக்கமானதும் கூட. கனடாவின் டொரொன்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட ‘வெண்பா’, அங்கே குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. இட்லி ஊற்றும்போதும் பிரியாணி தாளிக்கும்போதும் வானொலியில் பாட்டு ஓடும். ஒவ்வொரு காலத்துத் தமிழ் சினிமாப் பாட்டின் சாயலிலும் புதிதாகப் போட்ட பாட்டுகள். சமைத்து முடித்த பிறகும் பாட்டு வாயில் இருக்கிறது. பிரிட்டனின் பாஃப்டா 2024-ல் சிறந்த அறிமுக கேம் விருதை அதற்குத் தந்தது.

உவெமாட்சு 2018-ல் உடல் ஓய்ந்து சில மாதம் வேலையை நிறுத்தினார், திரும்பி வந்தார். 2021-ல் சகாகுச்சியின் ‘ஃபேன்டேசியன்’ கேமுக்கு முழு இசையும் போட்டுவிட்டு, முழு கேமுக்கும் போடுவது இதுவே கடைசியாக இருக்கலாம் என்றார். இப்போது ஒற்றைப் பாட்டு மட்டும் போடுகிறார். 2024-ல் வந்த ஏழாம் பாகத்தின் மறு ஆக்கத்துக்கு லோரன் ஆல்ரெட் பாடிய பாட்டு அவருடையது. பின்னணி இசை முழுவதையும் இளைய தலைமுறை பார்த்துக்கொள்கிறது. பழைய மெட்டுகள் அதில் ஒரு நூறு பேர் கைகளில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வருகின்றன.

கேம் ஆடத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். ஃபைனல் ஃபேன்டஸி இசை 2019 முதல் ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் கிடைக்கிறது. முதல் பாகத்தின் பிரிலூட், ஆறாம் பாகத்தின் ஓபரா, ஏழாம் பாகத்தின் ஏரித் மெட்டு, பத்தின் ‘டு ஸனர்கண்ட்’ என்று நான்கு போதும். ஒரே ஒரு வேண்டுகோள்: சிம்பொனி வடிவத்தை முதலில் கேட்காதீர்கள். சிப் பாடியதை முதலில் கேளுங்கள். அதற்குப் பிறகு ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் போங்கள்.